நெசவாளியின் கைவிரல்: ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நிலவறையில் ஏழ்மையைத் தேடிய கதை

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் எல்லோர் கையிலும் ஒரு போன் செட், அதாவது படிப்பதற்கான மனித எலும்புகளின் தொகுப்பு, இருக்கும். சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கி, கட்டிலுக்கு அடியில் சாக்குப் பையில் போட்டு வைப்போம். என் செட்டில் இருந்த வலது தொடையெலும்பின் கீழ்முனை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முழங்காலின் உள்பக்கக் குமிழில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். சுற்றிலும் பழுப்பேறிய சொரசொரப்பு, நடுவில் கண்ணாடி. கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினால் வழுக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பளபளப்புக்குள் முன்னும் பின்னுமாக மெல்லிய கோடுகள் தெரியும். அவர் மடக்கி நீட்டி நடந்த திசை அது.

மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்துபோய், எலும்பும் எலும்பும் நேருக்கு நேர் உரசினால் இப்படி மெருகேறும். தந்தம் இழைத்தது போல இருப்பதால் அதற்குத் தந்தத்தை வைத்தே லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் தந்த மெருகு என்று சொல்லிக்கொள்ளலாம். மூட்டுத் தேய்மானம், அதாவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், எலும்பில் விட்டுச் செல்லும் அடையாளங்களில் மறுக்க முடியாதது இதுதான்.

அன்று விடுதி அறையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்த நண்பன் யோசிக்காமல் சொன்னான்: "பாவம், மூட்டை தூக்கியிருப்பாருடா." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். போன் செட்டாக வந்து சேர்பவர் பணக்காரராக இருக்க வாய்ப்பில்லை. ஏழை என்றால் உடலுழைப்பு, உடலுழைப்பு என்றால் தேய்ந்த மூட்டு. கணக்கு நேராக இருந்தது.

அதே கணக்கைத் தொல்லுடல் ஆய்வாளர்களும் வெகுநாள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கல்லறையில் தேய்ந்த தோள் கிடைத்தால் படகோட்டி, தேய்ந்த முழங்கை கிடைத்தால் ஈட்டி எறிந்தவன், தேய்ந்த முதுகு கிடைத்தால் சுமைகூலி. இந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டுமென்றால், யார் என்ன வேலை செய்தார், எந்த வயதில் செத்தார் என்று காகிதத்தில் தெரிந்த எலும்புக்கூடுகள் வேண்டும். அப்படி ஒரு தொகுப்பு லண்டனில் ஒரு தேவாலயத்துக்கு அடியில் இருந்தது.

நிலவறை

லண்டன் நகரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் கிறைஸ்ட் சர்ச், கட்டடக் கலைஞர் நிக்கலஸ் ஹாக்ஸ்மோர் எழுப்பியது. 1714இல் வேலை தொடங்கி 1729இல் திறந்தார்கள். அப்போதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதன் அடியில் இருந்த நிலவறைகளில் சவப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். பிறகு வாசலை அடைத்துவிட்டார்கள். தேவாலயத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக 1984 முதல் 1986 வரை அந்த நிலவறையைக் காலி செய்தபோது ஏறத்தாழ ஆயிரம் உடல்கள் வெளியே வந்தன.

இதை மண்ணைத் தோண்டும் வழக்கமான அகழாய்வு என்று நினைத்துவிடக் கூடாது. கூரை வரை அடுக்கிய பெட்டிகள், அவற்றில் பல ஈயத்தால் ஆனவை. சில பெட்டிகளுக்குள் தசையும் முடியும் துணியும் மிச்சமிருந்தன. ஈயத் தூசி ஒருபக்கம் என்றால், பெரியம்மைக் கிருமி எங்காவது உயிரோடு இருந்துவிடுமோ என்ற அச்சம் இன்னொரு பக்கம். முகம் தெரியும் பிணங்களோடு நாள் முழுக்க வேலை செய்தவர்களின் மனநிலை பற்றியே பின்னால் பேச வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பலன் பெட்டிகளின் மேல் ஆணியடித்த தகடுகளில் இருந்தது. பெயர், வயது, இறந்த தேதி. அப்படித் தகட்டோடு சேர்த்து அடையாளம் காணப்பட்டவர்கள் 387 பேர். திருச்சபைப் பதிவேடு, உயில், காப்பீட்டுப் பத்திரம் என்று காகிதங்களைத் துழாவி அவர்களில் பலருடைய தொழிலையும் மார்கரெட் காக்ஸ் கண்டுபிடித்தார். எலும்புகளைப் பார்த்தவர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தீயா மோலிசன். இருவரும் சேர்ந்து 1993இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் துறையில் இன்றும் கையேடு மாதிரி.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்றால் பட்டு. பிரான்சில் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த ஆணையை 1685இல் பதினான்காம் லூயி திரும்பப் பெற்றதும், ஹியூகனாட்டுகள் என்று அழைக்கப்பட்ட அந்த மக்கள் ஆயிரக்கணக்கில் லண்டனுக்கு ஓடிவந்தார்கள். அவர்களில் பட்டு நெசவாளர்கள் பலர் இங்கே தறி போட்டார்கள். அந்தத் தெருக்களில் சில வீடுகளின் மேல்மாடியில் இன்றும் அகலமான சன்னல் வரிசையைப் பார்க்கலாம். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று வைத்தது.

இவர்களுக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற கரைகளிலிருந்தும் கப்பலேறிய சீட்டித் துணி லண்டன் பெண்களுக்குப் பிடித்துப்போனது. பட்டு விற்கவில்லை. 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களின் உடையைக் கிழித்தார்கள், அமிலம் ஊற்றினார்கள். அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று 1721இல் சட்டம் வந்தது. அப்படியும் அவர்கள் வாழ்வு நிலைக்கவில்லை. கூலித் தகராறு, தறி அறுப்பு, 1769இல் பெத்னல் கிரீனில் இரண்டு நெசவாளர்களுக்குத் தூக்கு. 1773இல் கூலியை நிர்ணயிக்க ஒரு சட்டம் வந்தது. 1824இல் அதை எடுத்துவிட்டதும் கூலி சரிந்தது. பட்டினி நெசவாளி என்றால் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்று ஆகிவிட்டது.

ஆக, உழைப்பு, வறுமை, மூட்டு மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிலவறை கிடைக்காது என்று யாருக்கும் தோன்றும்.

விரல்களை எண்ணியது

பட்டுத் தறியில் உட்கார்ந்தவரின் உடலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை வலது கை எறிய இடது கை பிடிக்கிறது, இடது கை எறிய வலது கை பிடிக்கிறது, நடுவில் நூலை நெருக்கும் சீப்புச் சட்டமான பண்ணையை இழுத்து ஓர் அடி. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை! பிஞ்சு வயதில் தறியண்டை வந்தவர் கண் மங்கும்வரை இதைச் செய்திருப்பார். தேய்ந்தால் கை தேய வேண்டும், குறிப்பாகக் கட்டைவிரலின் அடிமூட்டு.

தொழில்நோய் மருத்துவரும் எலும்பு ஆய்வாளருமான டோனி வால்ட்ரன், காக்ஸோடு சேர்ந்து இதைச் சோதித்தார். முடிவு 1989இல் வந்தது. முறை எளிமையானது, நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் உயிரோடிருப்பவர்களிடம் கையாள்வதுதான். கையில் தேய்மானம் உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நெசவாளர்கள் எத்தனை பேர், உடலுழைப்புத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். தொழில்தான் காரணம் என்றால் முதல் பக்கத்தில் அவர்கள் குவிந்திருக்க வேண்டும்.

எதைத் தேய்மானம் என்று எண்ணுவது என்பதிலேயே பாதிச் சண்டை. எலும்பின் விளிம்பில் சின்னதாக முள் வளர்ந்திருந்தால் போதும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அப்படி எண்ணினால் 40 தாண்டிய எல்லோருமே நோயாளிதான். பிரிஸ்டலைச் சேர்ந்த ஜூலியட் ராஜர்ஸும் வால்ட்ரனும் வைத்த விதி கறாரானது. தந்த மெருகு இருந்தால் நோய் என்று எழுதலாம். அது இல்லையென்றால், விளிம்பு முள், மூட்டுப் பரப்பில் புது எலும்பு, குழிகள், மூட்டின் வடிவமே மாறியிருப்பது என்ற நான்கில் இரண்டாவது சேர்ந்து இருக்க வேண்டும். வலித்ததா என்று எலும்பைக் கேட்க முடியாது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு கோயில் படி ஏறுபவர்களையும், படத்தில் ஒன்றும் தெரியாமல் வலியில் துடிப்பவர்களையும் எந்த எலும்பு மருத்துவரும் தினம் பார்க்கிறார்.

வால்ட்ரனும் காக்ஸும் கண்ட விடை: தொடர்பு இல்லை. கையில் தேய்மானம் உள்ளவர்களிடையே நெசவாளர்கள் கூடுதலாக இல்லை. கைத்தொழில் செய்தவர்கள் என்று பொதுவாக எடுத்தாலும் இல்லை.

ஏன் இல்லை?

வால்ட்ரனின் பதில் நோயின் இயல்பிலிருந்து வருகிறது. மூட்டுத் தேய்மானம் ஒரே காரணத்தால் வருவதில்லை. வயது, பால், பரம்பரை, உடல் எடை, பழைய அடி, பிறவியிலேயே மூட்டு சற்றுக் கோணலாக இருப்பது, கடைசியில் வேலை. திருவிழாவுக்கு ஊருக்குள் நுழைய ஏழு பாதை இருக்கும்போது, கோயில் வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்து எந்தப் பாதையில் வந்தார் என்று எப்படிச் சொல்வது? கட்டைவிரல் அடிமூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தறியைக் கண்ணால் பார்த்திராத பெண்களுக்கும் மாதவிடாய் நின்றபின் அந்த மூட்டு தேய்கிறது. இந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே பத்து இருபது நெசவாளர்களின் தேய்மானம் எங்கே தனியாகத் தெரியப் போகிறது?

வேலை மூட்டைப் பாதிக்காது என்று இதற்குப் பொருளில்லை. உயிரோடிருப்பவர்களிடம் பார்த்தால் அது பாதிக்கத்தான் செய்கிறது. சுரங்கத் தொழிலாளர்களின் முழங்கால் பற்றிக் கெல்கிரெனும் லாரன்ஸும் 1952லேயே எழுதினார்கள். உழவர்களுக்கு இடுப்பு மூட்டு அதிகம் தேய்கிறது என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு துணி ஆலையில் ஒரே மாதிரி அசைவைப் பல்லாண்டு செய்த பெண்களின் கைகளை 1978இல் நார்ட்டின் ஹாட்லர் குழுவினர் படமெடுத்தபோது, வேலைக்குத் தகுந்தபடி வெவ்வேறு விரல் மூட்டுகள் மாறியிருந்தன. வேலையிலிருந்து மூட்டுக்குப் போகலாம், மூட்டிலிருந்து வேலைக்குத் திரும்பி வர வழி கிடையாது. இதே மோலிசன், சிரியாவின் அபு ஹுரைராவில் கிடைத்த கற்காலப் பெண்களின் கால் பெருவிரல், முழங்கால், கீழ்முதுகு மூன்றும் ஒன்றாக மாறியிருந்ததைப் பார்த்து, மண்டியிட்டுத் தானியம் அரைத்ததன் அடையாளம் அது என்று வாதிட்டவர். அம்மியில் அரைத்த பாட்டி இருந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த வாதம் உடனே பிடித்துவிடும். எனக்கும் பிடிக்கும். மூன்று இடம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்வதால் அது ஒரு மூட்டை வைத்துச் சொல்லும் கதையைவிட வலுவானதுதான். ஆனாலும் அங்கே ஒரு சவப்பெட்டித் தகடும் இல்லை, சரிபார்க்க வழியில்லை.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸுக்குத் திரும்புவோம். வால்ட்ரனின் பதிலை ஏற்றுக்கொண்ட பிறகும் என்னை உறுத்துவது வேறொன்று. அந்த நிலவறையில் படுத்திருந்தவர்கள் யார்?

தேவாலயத்துக்கு அடியில் ஈயப் பெட்டியில் பெயர்த் தகட்டோடு அடக்கம் செய்யப் பணம் வேண்டும். மோலிசனும் காக்ஸும் தங்கள் அறிக்கைக்கு வைத்த துணைத்தலைப்பிலேயே இவர்கள் நடுத்தர மக்கள் என்று சொல்லிவிட்டார்கள். பதிவேட்டில் நெசவாளர் என்று இருக்கும் ஒருவர் தறியில் உட்கார்ந்தவராகவும் இருக்கலாம், தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் கொடுத்து நெய்த துணியை வாங்கிக்கொள்பவராகவும் இருக்கலாம். காஞ்சிபுரத்தில் மாஸ்டர் வீவர் என்கிறார்களே, அவர். அவருக்கும் கூலித்தறிக்காரருக்கும் பட்டறிவு ஒன்றாக இருந்திருக்கலாம், இளம் வயதில் அவரும் தறியில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் கடைசி முப்பது ஆண்டு கையில் இருந்தது நாடா அல்ல, பேனா. 1824க்குப் பிறகு கூலி சரிந்து ரொட்டிக்கு வழியில்லாமல் போன நெசவாளி இந்த நிலவறையில் இல்லவே இல்லை. அவரை வேறெங்கோ மண்ணில், தகடு இல்லாமல் புதைத்தார்கள்.

ஆகவே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் முடிவை ஏழ்மைக்கும் மூட்டு நோய்க்கும் தொடர்பில்லை என்று படிப்பது தவறு. அந்தச் சோதனையில் ஏழை கலந்துகொள்ளவே இல்லை. இதைச் சிலர் மறந்துவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள்.

வயது என்னும் கண்ணி

நிலவறை கற்றுத் தந்த இன்னொரு பாடம் மூட்டைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். வயது தெரிந்த எலும்புக்கூடுகள் கையில் இருந்ததால், எலும்பை மட்டும் பார்த்து வயது சொல்லும் முறைகளை மோலிசன் குழு கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தது. தகட்டைப் பார்க்காமல் வயதை எழுதுவது, பிறகு தகட்டோடு ஒப்பிடுவது. ஆணா பெண்ணா என்பது ஏறக்குறைய எல்லாமே சரியாக வந்தது. வயது விஷயத்தில் மானம் போயிற்று. உண்மை வயதுக்கு 5 ஆண்டு முன்பின்னாகச் சரியாக வந்தவை 30 சதவீதத்துக்கும் குறைவு. 10 ஆண்டு முன்பின்னாக என்றால் பாதி. 15 ஆண்டு என்று தாராளமாக விட்டால்தான் முக்கால்வாசி. அதிலும் ஒரு சாய்வு இருந்தது. இளையவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொன்னார்கள், முதியவர்களுக்குக் குறைத்துச் சொன்னார்கள். 70, 80 வயதில் செத்தவர்கள் எலும்பில் ஐம்பதுகளில் நின்றுவிட்டார்கள்.

மூட்டுத் தேய்மானத்தில் வயதுதான் எல்லாவற்றுக்கும் மேலான காரணி. வயது தப்பானால் மீதிக் கணக்கெல்லாம் தப்பு. இதை ஏழை பணக்காரர் ஒப்பீட்டில் வைத்துப் பாருங்கள். பணக்காரருக்குத் தகடு இருக்கிறது, வயது தெரியும். ஏழைக்குத் தகடு இல்லை, இடுப்பெலும்பைப் பார்த்து ஊகிக்கிறோம். 75 வயதில் செத்த கிழவியை 50 என்று எழுதுகிறோம். அவளுடைய தேய்ந்த இடுப்பு, வயது சரியாகத் தெரிந்த 50 வயதுச் சீமாட்டியின் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது. உடனே, ஏழைகளுக்கு இளமையிலேயே மூட்டு தேய்ந்தது என்று முடிவு. அது ஏழ்மையின் வேலையா, எழுதியவரின் பிழையா? பிரித்தறிய வேண்டுமென்றால் பணக்காரர் பக்கத்துத் தகடுகளையும் மறைத்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஊகத்தைப் பயன்படுத்த வேண்டும். கையில் இருக்கும் நல்ல தகவலை வேண்டுமென்றே மறைக்கச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. ஆனால் வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மூட்டு தேய்ந்திருக்கிறது, எனவே வயதானவர் என்று எழுதிவிட்டு, வயதானவர்களுக்கு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று முடிவு எழுதுவது. பழைய அகழாய்வு அறிக்கைகளில் இது சாதாரணம்.

குழந்தைகள் நிறைந்த இடுகாடு

ஏழைகள் எங்கே என்று தேடினால் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், சதர்க் பகுதியில், கிராஸ் போன்ஸ் என்று ஓர் இடுகாடு. சுமார் 15,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. இனி ஒரு பிணத்துக்கும் இடமில்லை என்ற நிலையில் 1853இல் மூடினார்கள். 1990களில் ஜூபிலி பாதாள ரயில் பாதை வேலைக்காக லண்டன் அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர்கள் அதில் ஒரு மூலையைத் தோண்டி 148 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பிறக்கும் தறுவாயிலோ பிறந்த வாரத்துக்குள்ளோ இறந்த சிசுக்கள். இன்னும் 11 சதவீதம் ஒரு வயதை எட்டாதவை. பெரியவர்களில் அதிகம் பேர் பெண்கள்.

சிசுவுக்கு மூட்டுத் தேய்மானம் வராது. சிரிப்பாகத் தெரியலாம், ஆனால் ஆய்வின் முடிச்சே இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொள்பவை. பணக்காரத் தெருவில் பிறந்த 100 பேரில் 50 பேர் அறுபதைத் தொடுகிறார்கள், அவர்களில் பாதிப்பேருக்கு முழங்கால் தேய்கிறது. 25 பேர். ஏழைத் தெருவில் 100க்கு 15 பேர்தான் அறுபதைத் தொடுகிறார்கள். உழைப்பு கடுமை, அதனால் 60 சதவீதத்துக்குத் தேய்கிறது என்று வைப்போம். 9 பேர். இருநூறு ஆண்டு கழித்து இரண்டு இடுகாட்டையும் தோண்டுபவர், பணக்காரர்களுக்கு 25, ஏழைகளுக்கு 9 என்று எழுதி, வசதியானவர்களுக்குத்தான் மூட்டு நோய் அதிகம் என்பார். உண்மையில் ஏழையின் மூட்டுதான் மோசம். ஆனால் தேய்வதற்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அந்த 15 பேரிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு: அம்மை, காசநோய், பிரசவம், காலரா எல்லாவற்றையும் தாண்டி வந்த வைரம் பாய்ந்த கட்டைகள் அவர்கள். அவர்களை வைத்து மற்ற 85 பேரின் உடலைப் பற்றிப் பேச முடியாது.

இந்தச் சிக்கலை 1992இல் ஜேம்ஸ் வுட்டும் மூன்று பேரும் எலும்பியல் முரண் என்ற பெயரில் எழுதி, துறையையே சற்று நேரம் வாயடைக்க வைத்தார்கள். எலும்பில் ஒரு நோய் தடம் பதிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். தடம் இருக்கிறதென்றால் அந்த ஆள் அத்தனை ஆண்டு நோயோடு உயிர் வாழ்ந்தார் என்று பொருள். காலராவில் மூன்றே நாளில் செத்தவனின் எலும்பு அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

வறுமையை எலும்பில் தேட விரும்புபவர்கள் மூட்டை விட்டுவிட்டு வேறிடங்களைப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. ரிக்கெட்ஸில் வளைந்த கால், ஸ்கர்வியில் எலும்பின் மேல் படிந்த புதுப்படலம், குழந்தைப் பருவத்தில் சோறில்லாத மாதங்களில் பல் எனாமலில் விழுந்த கோடு, காசநோய் தின்ற முதுகெலும்பு. இவை எல்லாம் குறைந்த வயதிலேயே பதிபவை. அறுபது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உண்டு கொழுத்தவர்களின் முதுகு

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். முதுகெலும்பின் வலது ஓரமாக மெழுகுவர்த்தி உருகி வழிந்தது போல எலும்பு வழிந்து, அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டிவிடும் ஒரு நிலை உண்டு. மருத்துவர்கள் சுருக்கமாக டிஷ் என்பார்கள். வயதான ஆண்களுக்கு அதிகம், உடல் பருமனோடும் சர்க்கரை நோயோடும் சேர்ந்து வரும். 1985இல் வால்ட்ரன், லண்டன் அருகே மெர்டன் துறவியர் மடத்தில் புதைக்கப்பட்டவர்களிடம் இது கூடுதலாக இருப்பதைக் காட்டி, இது ஒரு புதிய தொழில்நோயா என்று குறும்பாகத் தலைப்பு வைத்துக் கட்டுரை எழுதினார். தொழில், துறவு. பின்னர் ராஜர்ஸும் அவரும் வேறு மடங்களின் எலும்புகளிலும் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோன்பு நாள் போக மீதி நாளில் மடத்துச் சாப்பாடு எப்படி இருந்தது என்பதற்கு அந்த முதுகுகள் சாட்சி. வசதி எலும்பில் எழுதும், வறுமை அழிக்கும் என்று வைத்துக்கொண்டால் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நிலவறையும் வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது. அங்கே கிடைத்த தேய்ந்த மூட்டுகளில் பெரும்பகுதி, தேயும் வரை வாழ முடிந்தவர்களுடையவை.

யாரும் கேட்டு வராத உடல்கள்

வயது தெரிந்த ஏழைகளின் எலும்புகள் எங்குமே இல்லையா? இருக்கின்றன, அமெரிக்காவில். கிளீவ்லண்டில் ஹாமன்-டாட் தொகுப்பு, 3,000 எலும்புக்கூடுகளுக்கு மேல். செயின்ட் லூயிஸில் ராபர்ட் டெர்ரி சேர்த்த தொகுப்பு, 1,700க்கு மேல், இப்போது ஸ்மித்சோனியனில். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவமனை, பிணவறை, ஏழையர் விடுதி ஆகியவற்றில் செத்து, உறவென்று யாரும் கேட்டு வராததால் உடற்கூறு வகுப்புக்குப் போனவர்கள் இவர்களில் மிகப் பெரும்பாலோர். கறுப்பினத்தவரும், ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகளும் ஏராளம். சம்மதம் யாரும் கேட்கவில்லை. இவர்களை எண்ணாகப் பார்க்காமல், யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன நோயில் செத்தார்கள் என்று தேடி எழுதிவருபவர் கார்லினா டி லா கோவா.

2017இல் இயன் வாலஸ், டேனியல் லீபர்மன் குழுவினர் இந்தத் தொகுப்புகளில் 50 வயது தாண்டியவர்களின் முழங்கால்களை எடுத்து, தந்த மெருகு ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இறந்த இவர்களிடம் 6 சதவீதம். வரலாற்றுக்கு முந்தைய வேட்டைக்காரர், உழவர்களிடம் 8 சதவீதம். 1976 முதல் 2015 வரை இறந்தவர்களிடம் 16 சதவீதம். வயதையும் உடல் எடையையும் கழித்துப் பார்த்தாலும் பிற்காலத்தவருக்கு இரண்டு மடங்குக்கு மேல். கல் உடைத்து, நிலக்கரி சுமந்து, குளிரில் தரையில் படுத்த மனிதர்களுக்கு 6, காரில் போய் வந்தவர்களுக்கு 16.

என் நண்பனின் "மூட்டை தூக்கியிருப்பாருடா" இங்கே தலைகீழாகிறது. ஆனால் இதிலும் ஒரு நெருடல் எனக்கு உண்டு. பிற்காலத் தொகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் உடல்தானம் செய்தவர்கள், முற்காலத்தவர் அநாதைப் பிணங்கள். காலத்தோடு வர்க்கமும் சேர்ந்து மாறியிருக்கிறது. அவர்களுடைய கேள்வி காலத்தைப் பற்றியது, ஏழ்மையைப் பற்றியது அல்ல, எனவே குறை சொல்ல முடியாது. ஆனால் பத்திரிகைகள் அதை நாற்காலியில் உட்கார்ந்து கெட்டுப்போன கதையாக மட்டும் எழுதின. 1930இல் கிளீவ்லண்டில் இறந்த ஒரு வசதியான மனிதரின் முழங்காலை நாம் பார்க்கவே இல்லை. அவருடைய உடலைக் கேட்டு வீட்டார் வந்திருப்பார்கள்.

கல்கத்தாவிலிருந்தும் இப்படி எலும்புகள் போய்க்கொண்டிருந்தன. இந்திய அரசு 1985இல் ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை, உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு அனுப்பியதில் நம் நாடுதான் முன்னணி. அவற்றோடு வயதோ பெயரோ எதுவும் போகவில்லை. உள்ளூர்க் கல்லூரிகளுக்கு வந்ததும் அதே வகைதான். என் செட்டின் அந்த வலது தொடையெலும்பில் இருந்தது, முந்தைய சீனியர் யாரோ நீல மையால் எழுதிய தசைகளின் பெயர்கள் மட்டும். படிப்பு முடிந்ததும் நானும் பாதி விலைக்கு விற்றேன். வாங்கிய பையன் பளபளத்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே கொஞ்சம் தேய்ந்திருக்கிறதே, ஐம்பது ரூபாய் குறைச்சுக்கோங்க அண்ணா என்றான். குறைத்துக்கொண்டேன்.